பாட்டன் ஊரும் பரம்பரைப் பொய்யும்

தன் முன்னோர் யாவர், எவ்வூரார், எத்தொழில் செய்து பிழைத்தார் என்று அறிய விரும்புதல் மனிதர்க்கு இயல்பு. அவ்விருப்பத்தைக் குறை கூற யாம் எழுத வந்தோமல்லோம். ஆயின், நல்ல விருப்பம் ஒன்று எங்கே தோன்றினும் அதன் பக்கத்திலேயே பொய் விற்பவன் ஒருவன் கடை விரித்து விடுகின்றான். பசித்து வந்தவனுக்கு அழுகிய பண்டத்தை விற்பவனை ஊரார் தண்டிக்கின்றனர். பாட்டனைத் தேடி வந்தவனுக்குப் பொய்யான வமிசத்தை விற்பவனையோ கும்பிட்டு வரவேற்கின்றனர். இக்கொடுமை பல நாடுகளிலும் உண்டு. போலந்து தேசத்திலே பாட்டன் ஊரைத் தேடிச் செல்வோரிடத்தில் அது நடைபெறும் விதத்தை இன்று வாசகர்களுக்கு எடுத்துக்காட்டுவோம்.

முதலில் சரித்திரம் சிறிது. போலந்து ஒரு காலத்தில் பரந்த இராச்சியமாய் இருந்தது. 1772, 1793, 1795 என மூன்று முறை துண்டாடப்பட்டு, ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகளின் வயிற்றுக்குள் அது முற்றும் மறைந்தது. 1918-ஆம் ஆண்டில்தான் மீண்டும் தனி நாடாயிற்று. ஆஸ்திரியா விழுங்கிய தென்பகுதிக்குக் கலீசியா என்று பெயர். 1870-க்கும் 1914-க்கும் இடையே இம்மூன்று பகுதிகளிலிருந்தும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கடல் கடந்து சென்றனர். சிகாகோவின் இறைச்சிச் சாலைகளிலும், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், பிரேசில் நாட்டுப் பரானாக் காடுகளிலும் அவர்கள் உழைத்து மாண்டனர்.

அங்ஙனம் சென்றவர்களின் பேரரும் கொள்ளுப்பேரரும் இன்று கல்வியும் பொருளும் பெற்றவர்கள். அவர்களுள் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து விமானம் ஏறிக் கிராகோ நகரில் இறங்குகின்றார்; ரயிலில் கிழக்கே தார்னூஃப் நகரம் சென்று, அங்கிருந்து வாடகை மோட்டாரில் தம் பாட்டன் கிராமத்தை அடைகின்றார். கோவில் கோபுரம், லிண்டன் மரம், உருளைக்கிழங்கு வயல், வாயிலில் நின்று வரவேற்கும் தூரத்து உறவுக் கிழவி, மேசைமேல் ரொட்டியும் சூப்பும் — இவற்றைக் கண்டதும் கண்ணீர் விடுகின்றார். அக்கண்ணீரை யாம் நகையாட மாட்டோம். அது மெய்யான கண்ணீரே. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பின்பு அவர் கேட்கும் முதற் கேள்வி யாது? "எங்கள் குடும்பம் பிரபு வமிசந்தானே? எங்கள் குல இலச்சினை எது?" என்பதே! இக்கேள்வியோடுதான் எமக்கு வழக்கு.

போலந்தில் ஷ்லாஹ்டா என்று ஒரு பிரபுச் சாதி இருந்தது. நிலமும், சபையில் வாக்கும், குடிகள்மேல் நீதி செலுத்தும் அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தன. பழைய இராச்சியத்து மக்களுள் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேரே அச்சாதியார். பெரும்பாலோர் நிலத்தில் உழன்ற குடியானவர். கணக்கு இவ்வாறிருக்க, பாட்டனைத் தேடி வருவோர் எல்லோரும் அந்தப் பத்துப் பேரின் பேரப்பிள்ளைகளாகவே இருப்பது எங்ஙனம்? மற்றைத் தொண்ணூறு பேரும் பிள்ளை பெறாமலே மாண்டு போயினரோ?

"எங்கள் பெயர் 'ஸ்கி' என்று முடிகின்றது, ஆதலின் நாங்கள் பிரபுக்களே" என்பர். இவ்விகுதி பெரும்பாலும் ஊர்ப்பெயரோடு சேர்ந்து 'இன்ன ஊரார்' என்று பொருள்படுவது. முதலில் பிரபுக்களிடையே அது பெருவழக்காய் இருந்தது மெய்யே. ஆயினும் பின்னர்க் குடியானவர், நகரத்தார், யூதர் ஆகிய எல்லோரிடத்தும் அது பரவிவிட்டது. இனி இலச்சினையின் கதையோ இன்னும் விந்தையானது. ஒரே இலச்சினையை ஒன்றோடொன்று உறவில்லாத பல குடும்பங்கள் பொதுவாகக் கொண்டிருந்தன. ஒரே பெயருள்ள குடும்பங்கள் வேறு வேறு இலச்சினைகளைக் கொண்டிருந்தன. மிகப் பலர்க்கு எந்த இலச்சினையுமே இல்லை. ஆகவே, பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வாளும் குதிரை லாடமும் தீட்டிய கேடயத்தைச் சட்டம் போட்டு நீட்டும் வணிகன் விற்பது காகிதமும் கண்ணாடியுமேயன்றி வேறன்று.

இன்னொன்று கேளுங்கள். மறுபிறப்பெடுத்த போலந்துக் குடியரசு 1921-ஆம் ஆண்டு தனக்கென ஓர் அரசியலமைப்பு வகுத்துக்கொண்டது. அதன் 96-வது விதி, குலத்தால் வரும் சலுகைகளையும், குல இலச்சினைகளையும், வமிசப் பட்டங்களையும் குடியரசு ஏற்றுக்கொள்வதில்லை என்று பறைசாற்றியது. அந்நாட்டாரே சட்டம் எழுதிக் குப்பையில் எறிந்த பொருளை, ஓராயிரம் காதம் கடந்து வந்த குடியானவன் பேரன் பொறுக்கியெடுத்துத் தன் வீட்டுச் சுவரில் மாட்டுகின்றான்! என்னே பேதைமை!

கணக்கு அறிந்தோர் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும். ஒருவனுக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னே சென்றால் முன்னோர் ஸ்தானங்கள் 1,024. குடும்பப் பெயர் அவற்றுள் ஒன்றிலிருந்தே வருகின்றது. மற்றை 1,023 ஸ்தானங்களிலும் நின்றோர் அவனுக்கு முன்னோர் அல்லரோ? அவர்களுட் பாதிப்பேர் பெண்கள். பெயர் வழி ஒன்றையே வமிசம் என்று கொண்டாடுவோன், தன்னை ஈன்றவளையும் அவளை ஈன்றவளையும் கணக்கிலிருந்து அழித்துவிட்டுப் பெருமை பேசுகின்றான்.

"எங்கள் உயர்ந்த பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிகள் கெடுத்துவிட்டார்கள்" என்று புலம்புவோரும் உளர். 1892-இல் திறக்கப்பெற்ற அந்தக் குடிபுகு நிலையத்தில் அதிகாரிகள் புதுப்பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட ஹாம்பர்க், பிரேமன் முதலிய துறைகளில் எழுதி வந்த பட்டியலை வைத்துக்கொண்டு வந்தவர்களைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிய மக்களே; வேலை கிடைக்கவும், அயலார் நாவில் எளிதாய் வரவும் பின்னாளில் மாற்றிக்கொண்டார்கள். பொய் ஒன்றைத் தாங்க மற்றொரு பொய் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கின்றது, அவ்வளவே.

அப்படியாயின் உண்மை எங்கே உளது? அது ஒளிந்து கிடக்கவில்லை. பங்குக் கோவிலின் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகளில் எழுதப்பட்டே இருக்கின்றது. கலீசியாவில் 1784-ஆம் ஆண்டு இரண்டாம் ஜோசப்பு சக்கரவர்த்தியின் கட்டளையால் அவ்வேடுகள் அரசாங்கப் பதிவுகளுமாயின. கட்டம் கட்டமாய்க் கோடு கிழித்து, தேதி, வீட்டு எண், குழந்தையின் பெயர், முறைப்படி பிறந்ததா அன்றா என்பது, பெற்றோர், ஞானப் பெற்றோர், அவர்தம் நிலை என்று லத்தீன் மொழியில் வரிசையாய் எழுதினர். ருஷ்யப் பகுதியிலே முதலில் போலிஷ் மொழியிலும், 1868 முதல் ருஷ்ய மொழியிலும் எழுதினர். பிரஷ்யப் பகுதியிலே 1874 முதல் அரசாங்கமே ஜெர்மன் மொழியில் தனிப் பதிவு வைத்தது. இவற்றுட் பலவற்றைப் போலந்து அரசாங்க ஆவணக் களரிகள் படம் பிடித்து, எவரும் காசின்றி வீட்டிலிருந்தே காணும்படி வலைத்தளத்தில் இட்டிருக்கின்றன. ஆகவே, அறியாமையைச் சாக்குச் சொல்லுதற்கு இடமில்லை.

பழைய லத்தீன் ஏடுகளைத் திறந்து பாருங்கள். பெயருக்கு முன்னே ஒவ்வொருவர்க்கும் ஓர் அடைமொழி நிற்கும். பெரும் பண்ணையார்க்கு 'மாக்னிஃபிக்குஸ்' — மகத்தானவர். நிலமுள்ள பிரபுவுக்கு 'ஜெனரோஸுஸ்' — உயர்குடியினர். ஏழைப் பிரபுவுக்கு 'நோபிலிஸ்'. நகரத்துக் கைத்தொழிலாளிக்கு 'ஹொனெஸ்டுஸ்' — மானமுள்ளவர். குடியானவனுக்கோ 'லபோரியோசுஸ்' — பாடுபடுகின்றவன். பிறந்த குழந்தையைக் கடவுள் முன் நிறுத்தி நீர் தெளிக்கும் அவ்வேளையிலும், அதன் தந்தை எத்தட்டில் நிற்பவன் என்று சாமியார் எழுதி வைத்தார். எல்லோரும் ஒரே பிதாவின் மக்கள் என்று பீடத்தில் நின்று ஓதிய வாய் ஒன்று. ஏட்டில் வருணம் பிரித்த கை ஒன்று. எங்கேயோ கேட்ட கதையாய்த் தோன்றுகின்றதன்றோ?

பாடுபடுகின்றவன் பட்ட பாடு யாது? 1496-இல் வகுத்த சட்டம் குடியானவன் தன் ஊரைவிட்டு வெளியேறும் உரிமையை ஒடுக்கிற்று. 1520-இல் பண்ணையார் நிலத்தில் வாரம் ஒரு நாளேனும் கூலியின்றி ஊழியம் செய்யவேண்டும் என்று விதித்தனர். ஒரு நாள் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, சில இடங்களில் வாரத்தின் நாட்களே போதாமற் போயின. 1768 வரையில் தன் குடியடிமையின் உயிர்மேலும் பண்ணையார்க்கு அதிகாரம் இருந்தது. இவ்வளவுக்கும் நியாயம் வேண்டாமா? நியாயமும் கற்பித்தனர். பிரபுக்கள் சர்மாத்தியர் என்னும் பண்டைக் குதிரை வீரரின் வழித்தோன்றல்களாம். குடியானவரோ நோவாவினால் சபிக்கப்பட்ட காம் என்பவனுடைய மக்களாம். ஆதலின் அடிமைத்தொழில் அவர்களுக்குப் பிறப்பிலேயே அமைந்ததாம்! அந்தக் 'காம்' என்னும் பெயரே அந்நாட்டு மொழியில் 'ஹாம்' என்றாகிப் பண்பற்றவனைக் குறிக்கும் வசைச் சொல்லாய் இன்றும் வழங்குகின்றது. பிறப்பினால் தாழ்வு என்னும் நஞ்சு எந்நாட்டில் முளைத்தாலும், வேத புத்தகத்தில் வேர்விடத் தவறுவதில்லை.

கலீசியாவில் 1786-ஆம் ஆண்டு ஊழியம் வாரம் மூன்று நாளுக்கு மேற்படலாகாது என்று சக்கரவர்த்தி வரம்பிட்டார். 1848-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அது அடியோடு ஒழிந்தது. அந்த விடுதலையின் நினைவாகக் குடியானவர்கள் நட்ட சிலுவைகள் சில கிராமங்களின் சாலையோரத்தில் இன்றும் நிற்கின்றன. நம் பயணி அத்தகைய சிலுவையைக் கடந்தே மோட்டாரில் போகின்றார். பண்ணையார் மாளிகையின் தூண்களைப் பத்துப் படம் பிடிக்கின்றார். தம் பாட்டன் மனிதனாய் நிமிர்ந்த நாளைக் குறிக்கும் சிலுவையை ஒரு படமும் பிடிப்பதில்லை. அம்மாளிகைக்குள் தம் பாட்டன் தொப்பியைக் கையிலேந்தித்தான் நுழைந்தான் என்பதை அவர்க்குச் சொல்வார் இல்லை.

"எம் பாட்டன் தேசபக்தியால் நாடு துறந்தான்" என்றும் சிலர் கூறுவர். இதற்கு விடை ஒரு குடியானவரே எழுதி வைத்திருக்கின்றார். 1842-இல் பிறந்து, விஸ்துலா நதிக்கரையில் ஜிக்கூஃப் என்னும் கிராமத்தின் தலைவராய்ப் பல்லாண்டு இருந்த யான் ஸ்வோம்கா என்பார், 1912-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். நூல்களையும் பத்திரிகைகளையும் படிக்கத் தொடங்கும் வரையில், தாம் ஒரு போலந்துக்காரர் என்பதையே தாம் அறிந்திருக்கவில்லை என்று அவர் அதில் ஒளிக்காமற் கூறுகின்றார். தேசம் என்பது பிரபுக்களின் சொத்தாய் இருந்த காலம் அது. 1846-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரபுக்கள் ஆஸ்திரியாவுக்கு எதிராகத் தேச விடுதலைக் கொடியை உயர்த்தியபோது, தார்னூஃப் சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் அக்கொடியின் பின் செல்லவில்லை. அரிவாளும் கதிரடி கோலும் ஏந்திப் பிரபுக்களின் மாளிகைகளையே தாக்கினர். சுமார் ஆயிரம் பேர் கொல்லப்பட்டனர். ஆஸ்திரிய அதிகாரிகள் அத்தீயை ஊதிவிட்டனர் என்பதும் உண்டு. அக்கொலைகளை யாம் புகழவில்லை. ஆயினும், மூன்று நூற்றாண்டு ஊழியம் வாங்கிவிட்டு, ஒரே இரவில் 'சகோதரா, தேசத்துக்காக வா' என்று அழைத்தால், அழைக்கப்பட்டவன் எங்ஙனம் நம்புவான்? அடுத்த ஆண்டே பஞ்சமும் டைபஸ் காய்ச்சலும் வந்தன. 1847-இன் மரணப் பதிவேட்டைப் புரட்டும் எவருக்கும், பக்கத்துக்குப் பக்கம் நீளும் அவ்வரிசை தேசபக்திக் கதை சொல்லாது. பசிக் கதையே சொல்லும்.

விடுதலைக்குப் பின்னும் நிலம் போதவில்லை. தந்தையின் நிலத்தை மக்கள் பங்கிட, அதை அவர்தம் மக்கள் பங்கிட, பெரும்பாலான குடும்பங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கருக்கும் குறைந்த துண்டுகளே எஞ்சின. அப்போது ஆள் பிடிக்கும் முகவர்கள் கிராமங்களுக்குள் புகுந்தனர். அமெரிக்காவில் பொன் விளைகின்றது என்று ஆசை காட்டி, கையிலிருந்த காசைப் பறித்துக் கப்பலேற்றினர். இக்கொள்ளைக்காக முகவர் பலரும் அவர்க்குத் துணை நின்ற அதிகாரிகளும் 1889–90-இல் வாதோவீட்சே நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஆகவே நம் பயணியின் பாட்டன் கப்பலேறியது கொடியின் பொருட்டன்று, ரொட்டியின் பொருட்டு. இதில் வெட்கப்பட என்ன இருக்கின்றது? பிறர் உழைப்பில் கொழுத்தவன் வெட்கப்படட்டும். தன் பிள்ளைகளின் பசி பொறாது கடல் கடந்தவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இங்கே ஒரு சாரார் எம்மை இடைமறிப்பர். "பழம் புண்ணை ஏன் கீறுகின்றீர்? அன்போடு வந்தவன் இரண்டு நாள் மகிழ்ந்து போகட்டுமே. பொய்யானாலும் அவனுக்கு அது இன்பந்தானே?" என்பர். அவனுடைய இன்பத்தை மட்டும் தொடுவதாயின் யாமும் வாளாவிருப்போம். ஆனால் அப்பொய் ஊமைகளாய் மாண்டவர்களின் ஒரே சாட்சியத்தை அழிக்கின்றது. அக்குடியானவனுக்கு எழுதத் தெரியாது, நிலமில்லை, படமில்லை. ஏட்டில் 'பாடுபடுகின்றவன்' என்ற ஒரு சொல்லே அவன் உலகில் விட்டுச் சென்ற கையெழுத்து. சொந்தப் பேரன் வந்து அதை அழித்துவிட்டு, அவனைச் சவுக்கால் அடித்தவனுடைய இலச்சினையை அவன் பெயருக்கு மேலே ஒட்டுவானாகில், அது பாட்டனுக்குச் செய்யும் மரியாதையா? அன்று, அது அவனை இரண்டாம் முறை கொல்லுதல்.

பொய்யின் தீங்கு இவ்வளவோடு நிற்கவில்லை. கிராமத்து ஏட்டிலே தன் பெயரை மட்டும் தேடும் கண், பக்கத்து வீட்டாரைக் காணாது. தார்னூஃப் நகரில் 1939-ஆம் ஆண்டு ஏறத்தாழ 25,000 யூதர்கள் வாழ்ந்தனர். நகர மக்களுள் அவர்கள் பாதிக்குச் சற்றே குறைவு. தையற்காரர், தோல் பதனிடுவோர், வண்டிக்காரர், சிறு வியாபாரிகள் எனப் பெரும்பாலும் ஏழை மக்கள். கிராமத்துச் சாராயக்கடையை நடத்தியவனும் பல ஊர்களில் யூதனே. ஆனால் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை பண்ணையாருடையது. யூதன் அதைக் குத்தகைக்கு எடுத்தவன் மாத்திரமே. லாபம் மாளிகைக்குச் சென்றது. குடியானவனின் கோபமோ குத்தகைக்காரன் தலையில் விழுந்தது. ஒடுக்கப்பட்டோர் இருவரை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டு மேலே இருப்பவன் தப்பித்துக்கொள்ளும் தந்திரம் பழையது.

1939 நவம்பரில் ஜெர்மானியர் தார்னூஃபின் பழைய யூத ஜெபாலயத்தை எரித்தழித்தனர். அதன் நடுமேடையைத் தாங்கிய நான்கு செங்கற்றூண்கள் மட்டும் வெட்டவெளியில் இன்றும் நிற்கின்றன. 1942 ஜூன் முதல் அந்நகரத்து யூதர்களைத் தெருவில் சுட்டும், பெவ்ஜெட்ஸ் கொலைக்களத்துக்கு ரயிலில் ஏற்றியும் கொன்றனர். போலந்து முழுவதிலும் இருந்த சுமார் 33 இலட்சம் யூதருள் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பெயர்த்துப் பல ஊர்களில் பாதைக்குப் பரப்பினர். பாட்டன் நடந்த மண் என்று நம் பயணி முத்தமிடும் பாதையிலே பிறருடைய பாட்டன் பெயர் பொறித்த கல் கிடந்திருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததுண்டோ?

அதிலும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. வடகிழக்கிலுள்ள யெட்வாப்னே என்னும் சிற்றூரில், 1941 ஜூலை 10-ஆம் நாள், ஜெர்மானியர் ஆட்சியின்கீழ், யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தவர்கள் அவர்களுடைய போலந்து அண்டைவீட்டாரே. அரசாங்க விசாரணை, மாண்டோர் 340 பேருக்குக் குறையார் என்று கண்டது. 2001-ஆம் ஆண்டு அதே நாளில் குடியரசுத் தலைவர் குவாஸ்னியெவ்ஸ்கி அவ்வூரிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். இதற்கு மறுதலையாக, தென்கிழக்கிலுள்ள மார்க்கோவா கிராமத்தில் யோசேப் உல்மா, விக்டோரியா உல்மா என்னும் குடியானவத் தம்பதிகள் எட்டு யூதர்களைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தனர். 1944 மார்ச் 24-இல் ஜெர்மானியர் அந்த எண்மரையும், தம்பதிகளையும், அவர்தம் பிள்ளைகளையும் சேர்த்துக் கொன்றனர். மார்க்கோவாவைக் காட்டி யெட்வாப்னேயை மறைப்போரும் தவறுடையோர். யெட்வாப்னேயைக் காட்டி மார்க்கோவாவை மறுப்போரும் தவறுடையோர். முன்னோரின் நன்மையால் தலை நிமிர விரும்புவோன், அவர்தம் தீமை கேட்டுத் தலை குனியவும் கடமைப்பட்டவன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது வாரிசுரிமை ஆகாது, திருட்டு ஆகும். கடனையும் சேர்த்து ஏற்பவனே வாரிசு.

தெற்கே மலைச்சரிவில் இன்னொரு மௌனம் இருக்கின்றது. 1947-ஆம் ஆண்டு போலந்து அரசாங்கமே உக்கிரேனியரும் லெம்கோக்களுமாய் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தென்கிழக்குக் கிராமங்களிலிருந்து பெயர்த்து வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தது. வீடுகள் மறைந்தன, அவர்கள் நட்ட ஆப்பிள் மரங்கள் மட்டும் காட்டின் நடுவே ஆண்டுதோறும் பூக்கின்றன. 'இது எங்கள் ஊர்' என்று எவரேனும் கூறும்போது, 'எங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று கேட்டே தீரவேண்டும்.

அப்படியானால் பாட்டன் ஊருக்குப் போகவே கூடாதென்பது எம் கருத்தோ? இல்லை, ஆயிரமுறை இல்லை. கட்டாயம் போகவேண்டும், கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும். ஒரே பெயருள்ள ஊர்கள் அந்நாட்டில் பல. தோம்ப்ரோவா என்ற பெயரில் எத்தனையோ கிராமங்கள் உள. ஆதலின் எந்த வட்டம், எந்தப் பங்கு என்று முதலில் ஆராயட்டும். பழைய ஏட்டின் வீட்டு எண் பிற்காலத்தில் மாறியிருக்கலாம். 37-ஆம் எண் வீட்டைக் கண்டவுடன் அதன் வாயிற்படியில் விழுந்து அழாமல், பழைய நிலவரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பாட்டன் கல்லறையைத் தேடி அது கிடைக்கவில்லையென்று மனமுடைய வேண்டாம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தாவிடில் அக்குழியில் வேறொருவரைப் புதைக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகின்றது. ஏழையின் மரச்சிலுவை இற்றுப்போயிற்று. பண்ணையார் குடும்பத்துக் கல் மண்டபம் நிற்கின்றது. இந்த வேறுபாடே ஒரு பாடமன்றோ? நவம்பர் முதல் நாள் அவ்வூரார் கல்லறைதோறும் விளக்கேற்றுவர். நம் பயணியும் ஒரு விளக்கைப் பெயரில்லாதவர்களுக்காக ஏற்றட்டும். மற்றொன்றை, விளக்கேற்றப் பேரன் எவனும் எஞ்சாத யூதர் இடுகாட்டில் வைக்கட்டும்.

இப்படிப் பார்க்கும் கண் அந்நாட்டிலும் திறந்து வருகின்றது. ஆதம் லெஷ்சின்ஸ்கி என்பார் 2020-இல் பிரபுக்களின் கண்கொண்டன்றி, ஆளப்பட்டோர் கண்கொண்டு போலந்துச் சரித்திரத்தை எழுதினார். யோவன்னா குசியேல்-ஃபிரிதிரிஷாக் என்னும் அம்மையார் 2023-இல் தம் பாட்டிமார் காலத்துக் குடியானவப் பெண்களின் வாழ்வை நூலாக்கினார். தார்னூஃப் அருகே 1874-இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த வின்சென்டி விட்டோஸ் 1920, 1923, 1926 என மூன்று முறை அந்நாட்டின் பிரதம மந்திரியாயினார். அப்போதும் கழுத்தில் டை கட்டாமல், குடியானவர் அணியும் முழங்கால் வரையிலான தோற்செருப்போடேயே சபைக்கு வந்தார். அவர் இலச்சினை எதையும் தேடிச் செல்லவில்லை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இதைப் படிக்கும் அன்பர்கள், "போலந்துக்காரன் பாட்டனால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஆள்காட்டிகளின் ஆசை வார்த்தை கேட்டுக் கப்பலேறியவன், ஏட்டில் ஒரு வரியாய் மட்டும் எஞ்சியவன், நிலமின்றிப் புறப்பட்டுப் பிறர் நிலத்தில் பொன் விளைவித்தவன் — இவன் யார் என்று நம் வீட்டுப் பெரியோரைக் கேட்டால் தெரியும். கங்காணியோடு வந்தவனின் பேரன், தன் பாட்டன் ஊரில் மிராசுதாராய் இருந்தான் என்று கதை கட்டினால், அவனும் சிகாகோப் பயணியும் ஒரே கடையில்தான் சரக்கு வாங்குகின்றார்கள். இதற்கு மேல் நாம் கூற வேண்டுவதில்லை.

அன்பர்களே! 'லபோரியோசுஸ்' என்ற அச்சொல்லை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். தாழ்ந்தவன் என்று காட்டுவதற்காகவே அதை எழுதினார்கள். ஆனால் எழுதிய கை அறியாமலே உண்மையை எழுதிவிட்டது. மாளிகையைக் கட்டியவன் யார்? கோவிலுக்குக் கல் சுமந்தவன் யார்? வயலை உழுதவன் யார்? பாடுபடுகின்றவன்! மகத்தானவர், உயர்குடியினர் என்ற பட்டங்களெல்லாம் பிறர் உழைப்பால் வந்தவை. இந்த ஒரு பட்டமே தன் உழைப்பால் வந்தது. பாட்டன் ஊருக்குச் செல்லும் பேரன் அந்த ஒரு சொல்லை மட்டும் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிக் கொண்டு வீடு திரும்பட்டும். சுவரில் மாட்டுவதற்கு அதனினும் உயர்ந்த இலச்சினை எந்த நாட்டிலும் இல்லை.